கடலோரத்தில் பழைய பியட்டுக்குத் தகடு மாற்றுவது வீண் வேலையா?

2023 பிப்ரவரி 11: தொண்டியிலிருந்து ஒரு வாசகர்

கடலிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் குடியிருப்பவர் பழைய காரை வீட்டில் நிறுத்தித் தகடு மாற்றுவது காசைக் கடலில் எறிவதற்குச் சமம் என்பது என் கருத்து. என் பத்மினிக்கு (பழைய பியட்டின் இந்தியப் பெயர்) இரண்டு முறை ரன்னிங் போர்டு, அதாவது கதவுகளுக்குக் கீழே நீளும் தகட்டுப் பெட்டி, மாற்றினேன். இரண்டு மழைக்காலம் தாங்கவில்லை. எடைக்குப் போட்டுவிட்டேன். மறுப்பவர் உண்டா?

2023 பிப்ரவரி 12

நான் மறுக்கிறேன். முழுவதுமாக மறுக்க முடியவில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

என் வீடு உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையில் இருக்கிறது. வடக்கே நடந்தால் வடகடல், தெற்கே நடந்தால் தென்கடல். காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், உலோகத் துண்டுகளை வெட்டவெளியில் வைத்து அவை அரிக்கும் வேகத்தைப் பார்ப்பதற்கு மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது. எங்கள் ஊர்க் காற்றின் தகுதிக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் வேண்டியதில்லை.

வண்டி 1978-ஆம் ஆண்டுப் பிரீமியர் பத்மினி. என் தந்தை மண்டபம் ரயிலடியில் வாடகைக்கு ஓட்டியது. 1988-இல் பாம்பன் சாலைப் பாலம் திறக்கும்வரை சாலை மண்டபத்தோடு முடிந்துவிடும். இராமேசுவரம் போகிறவர்கள் இங்கே இறங்கி ரயிலேறுவார்கள், அவர்கள் தீர்த்தமாடித் திரும்பும்வரை வண்டி கடற்காற்றில் நிற்கும். ஆகவே இது ஓடித் தேய்ந்ததைவிட நின்று அரித்ததே அதிகம்.

பள்ளியில் வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற பிறகுதான் இதில் கை வைத்தேன். போன வாரம் வலப்பக்க ரன்னிங் போர்டை ஸ்குரூடிரைவரால் அழுத்திப் பார்த்தேன். மேலே வெள்ளைப் பெயின்ட், அதற்குக் கீழே கால் அங்குலத்துக்குப் பட்டி, அதற்கும் கீழே சுருட்டித் திணித்த செய்தித்தாள். தகடு என்று சொல்லத்தக்க பொருள் கைக்கு அகப்படவில்லை. விரலை உள்ளே விட்டால் மாவு போன்ற துருவும், நாவில் வைக்காமலே உப்பு என்று தெரியும் ஈரமண்ணும் வந்தன. தொண்டிக்காரரின் வண்டிக்கும் இப்படித்தான் நடந்திருக்கும் என்று ஊகிக்கிறேன்: தகடு மாற்றியிருப்பார்கள், உள்ளே இருந்ததை மாற்றியிருக்க மாட்டார்கள்.

2023 பிப்ரவரி 16

கீழக்கரைத் தம்பி ஒருவர் தம்மிடம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருப்பதாகவும், அதன் ரன்னிங் போர்டை ஒரே நாளில் கழற்றிவிட்டதாகவும், நான் எதற்கு இவ்வளவு தயங்குகிறேன் என்றும் கேட்டிருக்கிறார். மெட்ராஸில் 1961 முதல் தயாரான ஹெரால்டுக்கு அடியில் தனி சேசிஸ், அதாவது இரும்பு அடிச்சட்டம், உண்டு. அதன்மேல் உடற்கூட்டைப் பகுதி பகுதியாக போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். பத்மினிக்கு அப்படி எதுவும் கிடையாது. தரை, ரன்னிங் போர்டு, கதவுத் தூண், கூரை எல்லாம் சேர்த்துப் பற்றவைத்த ஒரே பெட்டி அது; 1953-இல் இத்தாலியில் வந்த பியட் 1100-இலிருந்தே அந்த அமைப்புத்தான். கட்டிலின் மேல் விரித்த பாய் கிழிந்தால் கட்டிலுக்கு ஒன்றும் ஆகாது. ஓலைப்பெட்டியில் ஓர் ஓலையை உருவினால் பெட்டியே கோணும். தம்பியிடம் இருப்பது கட்டில், என்னிடம் இருப்பது ஓலைப்பெட்டி.

ஆனால் தம்பி தம் சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளைத் தட்டிப் பார்த்துக்கொள்வது நல்லது. ஹெரால்டு அங்கேதான் அரிக்கும்.

2023 மார்ச் 5

ஓலைப்பெட்டி என்று எழுதியவனே ஓலையை உருவிவிட்டேன்.

வண்டியின் முன்னும் பின்னும் தாங்கு கொடுத்து நிறுத்தியிருந்தேன். ரன்னிங் போர்டை ஒரு அடி வெட்டி, ஒரு அடி பற்றவைத்து, பிறகு அடுத்த ஒரு அடிக்குப் போக வேண்டும் என்பது எனக்குத் தெரியாத விஷயம் அல்ல. கிரைண்டர் கையில் இருந்த உற்சாகத்தில் முழு நீளத்தையும் ஒரே காலைப்பொழுதில் அறுத்து எடுத்தேன். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து முன்கதவைச் சாத்தினால், அது தூணில் மோதி நின்றது. கதவின் மேல்மூலை இடுக்கு காலையில் ஐந்து மில்லிமீட்டர், இப்போது இரண்டு. நடுப்பகுதி தன் எடையிலேயே தொய்ந்துவிட்டது.

அன்று மாலை முழுவதும் நடுத்தூணுக்கு நேர் கீழே ஒரு மரக்கட்டையும் ஜாக்கியும் வைத்து, கால் திருகு தூக்குவது, கதவைச் சாத்திப் பார்ப்பது, மறுபடி கால் திருகு தூக்குவது என்று போனது. இடுக்கு ஐந்துக்கு வந்ததும் கதவு வாயின் குறுக்கே இரண்டு இரும்புக் குழாய்களைப் பற்றவைத்து நிறுத்தினேன். அந்தக் குழாய்களை அறுப்பதற்கு முன்னாலேயே வைத்திருக்க வேண்டும். அறுக்கும்போது கதவுகளைக் கழற்றக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனெனில் வேறு எந்தக் கருவியைவிடவும் கதவின் இடுக்குத்தான் முதலில் உண்மையைச் சொல்லும்.

2023 மார்ச் 7

அளவு எடுத்தது எப்படி என்று இருவர் கேட்டார்கள். கொத்தனாரிடம் கடன் வாங்கிய தூக்குக்குண்டும் தண்ணீர்க் குழாய் மட்டமும்தான். வண்டியின் அடியில் மாறாத புள்ளிகளாக நான்கைத் தேர்ந்தெடுத்தேன்: பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்குகளின் முன்கண் இரண்டு, முன்சக்கரப் பிடிமானத்தில் இரண்டு. ஒவ்வொன்றிலிருந்தும் குண்டைத் தொங்கவிட்டு சிமென்ட் தரையில் புள்ளி வைத்து, மூலைக்கு மூலை நூல் பிடித்தால் இரண்டு நூலும் ஒரே நீளம் வர வேண்டும். எனக்கு நான்கு மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தது. அறுத்ததால் வந்ததா, அதற்கு முன்பே என் தந்தை ஏதாவது மாட்டுவண்டியில் இடித்ததால் வந்ததா என்று சொல்ல முடியாது. அறுக்கும் முன் நூல் பிடிக்காததற்குத் தண்டனை இந்தச் சந்தேகம்.

சாக்கட்டியில் வைத்த புள்ளியைக் காலையில் வாசல் தெளித்துக் கூட்டும்போது துடைத்துவிடுவார்கள். ஆணியால் கீறுங்கள்.

2023 மார்ச் 27

இனித் தகடு செய்யும் பகுதி. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஆகவே நீளும்.

பட்டறைக்காரர் ஒருவர் 18 கேஜ் போட்டால் "ஆயுசுக்கும் இருக்கும்" என்று வாங்கவைத்தார். அது 1.2 மில்லிமீட்டர். பத்மினியின் நல்ல பகுதியை அளந்தால் 0.9 தான் வருகிறது, அதாவது 20 கேஜ். தடித்த தகட்டையும் மெலிந்த தகட்டையும் சேர்த்துப் பற்றவைக்கும்போது தடித்தது உருகுவதற்குள் மெலிந்தது ஓட்டையாகிவிடும். இப்போது 18 கேஜை உட்புற வலுவுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, வெளித்தோலுக்கு 20 கேஜ் சி.ஆர். (குளிர்நிலையில் உருட்டிய) தகடு வாங்கியிருக்கிறேன்.

மாதிரி வெட்டுவதற்குக் கல்யாணப் பத்திரிகை அட்டையைப் போல வேறு ஒன்று இல்லை. மடித்தால் மடிந்த இடத்தில் நிற்கும், கத்தரிக்கு இசையும், வீட்டில் ஒரு பெட்டி நிறையக் கிடக்கும். இடப்பக்க ரன்னிங் போர்டு ஓரளவு முழுசாக இருந்ததால் அதன்மேல் அட்டையை வைத்து வரைந்து, அட்டையைத் திருப்பிப் போட்டு வலப்பக்கத்துக்கு எடுத்தேன். நேர் மடிப்புக்கு இரண்டு ஆங்கிள் இரும்புகளுக்கு நடுவே தகட்டைக் கவ்வி, கொட்டாப்புளியால் ஓரத்திலிருந்து ஓரம்வரை கொஞ்சம் கொஞ்சமாக அடித்து மடக்க வேண்டும். ஒரே இடத்தில் நின்று அடித்தால் மடிப்பு அலை அலையாகும்.

மட்கார்டின் கீழ்ப்பகுதிதான் கை வேலையைச் சோதிப்பது. அது இரண்டு திசையிலும் வளைந்தது. அட்டையை எப்படி மடக்கினாலும் வராது. இராமநாதபுரத்தில் வயதான ஒரு காக்கா (எங்கள் பக்கம் முஸ்லிம் பெரியவரை அண்ணன் என்ற பொருளில் அழைப்பது) நாற்பது வருடம் டிங்கரிங் செய்தவர். அவரிடம் போய் நின்றபோது அவர் சொன்னது ஒரு வாக்கியம்தான்: "நடுவுல பெருக்கு, ஓரத்துல சுருக்கு." தகட்டின் நடுவில் அடித்தால் அது மெலிந்து பரப்பில் பெருகிக் குழியும். அப்போது ஓரத்தில் தகடு மிஞ்சிப் பாவாடைக் கொசுவம்போல் மடிப்பு விழும். அந்தக் கொசுவத்தைத் தாங்குக்கட்டையில் வைத்து நுனியிலிருந்து உள்நோக்கி அடித்து அமர்த்தினால் ஓரம் சுருங்கும். இந்த இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்வதுதான் முழு வித்தை.

குழிப்பதற்குக் கறிக்கடையில் கழித்துப் போட்ட புளியங்கட்டை ஒன்று வாங்கி, நடுவில் சோற்றுத்தட்டு அளவுக்குப் பள்ளம் செதுக்கினேன். அதன்மேல் தடித்த கித்தான் பையில் மணல் நிரப்பி வைத்து அடிக்கிறேன். முதல் துண்டு அப்பள அளவிலான கரண்டிபோல் வந்தது. இரண்டாவது துண்டு மட்கார்டு என்று நம்பலாம். நான்காவது துண்டைக் காக்காவிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். கண் பார்க்காத மேடுபள்ளத்தைக் கை பார்க்கும் என்பதை அன்று கண்டேன். "பரவால்ல, பட்டி கொஞ்சமாத்தான் குடிக்கும்" என்றார்.

2023 ஏப்ரல் 9

மணல் பை. அதில் கடற்கரை மணலை நிரப்பியிருந்தேன்.

செய்து முடித்த மட்கார்டுத் துண்டை அந்தப் பையின்மேலேயே வைத்துவிட்டு இரண்டு நாள் வெளியூர் போனேன். திரும்பி வந்து எடுத்தால், பையின் நெசவு அப்படியே துருவில் அச்சாகியிருந்தது, குறுக்கும் நெடுக்குமாக, கட்டம் போட்ட லுங்கிபோல. முப்பது வருடம் உப்பைப் பற்றிப் பாடம் நடத்தியவன் வீட்டில் இது நடந்தது. இப்போது ஆற்றுமணலைக் கழுவிக் காயவைத்து நிரப்பியிருக்கிறேன்.

2023 ஜூன் 18

கச்சான் என்னும் மேற்குக் காற்று ஆரம்பித்துவிட்டது. மிக் வெல்டிங்குக்கு இதைவிடப் பெரிய எதிரி இல்லை. கம்பியின் நுனியைச் சுற்றி வரும் வாயுதான் உருகிய இரும்பைக் காற்றுப் படாமல் காக்கிறது. கச்சான் அந்த வாயுவைத் துடைத்துக்கொண்டு போய்விடும். பற்று பார்வைக்குச் சரியாக இருந்தது. தேய்த்த பிறகு உள்ளே தேனடைபோல் ஓட்டை. இரண்டரை அடிப் பற்றை அறுத்து எடுத்து மறுபடி செய்தேன்.

மறைப்புக்குத் தென்னங்கிடுகு கட்டலாம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பொறி பறக்கும் இடத்தில் கிடுகு கட்டினால் காருடன் கொட்டகைக்கும் தகடு மாற்ற வேண்டிவரும். நான் பழைய தகர ஷீட்டுகளை மேற்குப் பக்கம் நிறுத்தியிருக்கிறேன்.

காக்காவின் காலத்தில் எல்லாம் கேஸ் வெல்டிங். அதன் சுவாலை காற்றுக்கு இவ்வளவு பயப்படாது, பற்றும் மென்மையாக இருக்கும், அடித்துச் சமன் செய்யலாம். ஆனால் சூடு ஒரு சாண் பரவித் தகட்டைத் திருக்கிவிடும். மிக்கில் சூடு குறைவு, பற்று கடினம். அகலமான வெளித்தகட்டில் ஒரு புள்ளி வைத்தால் அடுத்த புள்ளியைக் கையெட்டும் தூரத்துக்கு அப்பால் வைத்து, முந்தையது தொடும் சூட்டுக்கு ஆறிய பிறகே அருகில் வர வேண்டும். அவசரப்பட்டால் தகடு எண்ணெய் டின்னின் அடிபோல் "டொக்" என்று உள்ளே போய் "டொக்" என்று வெளியே வரும். எனக்கு ஒரு இடத்தில் வந்தது. காசு அளவுக்கு ஒரு புள்ளியைச் சிவக்கக் காய்ச்சி, சுற்றி அடித்து, ஈரத்துணியால் ஒற்றிச் சுருக்கினேன். நின்றுவிட்டது.

2023 ஜூலை 2

அடுத்த தெருவில் ஃபைபர் படகு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் புளியங்கட்டையோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டு, "சார், மேட்டும் ரெசினும் கொண்டாறோம், சாயந்தரத்துக்குள்ள முடிச்சிரலாம்" என்கிறார்கள். மேட் என்பது கண்ணாடியிழை விரிப்பு, ரெசின் அதை இறுக்கும் பிசின். கடலில் நாள்தோறும் அடிவாங்கும் பொருள்தானே என்று அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. படகு முழுவதும் ஃபைபர். இங்கே அதை இரும்பின்மேல் ஒட்ட வேண்டும். வண்டி ஆடும்போது இரும்பும் ஃபைபரும் ஒரே அளவில் அசையாது. ஓரத்தில் மயிரிழை பிரியும். அந்த இழையில் உப்புத்தண்ணீர் ஏறி, வெளியே தெரியாமல் உள்ளிருந்து தின்னும். எடை தாங்கும் ரன்னிங் போர்டில் கூடவே கூடாது.

ஜி.ஐ. தகடு, அதாவது துத்தநாகம் பூசிய தகடு, போட்டால் துருவே வராதே என்று கேட்டவருக்கு: பற்றவைக்கும் இடத்தில் துத்தநாகம் எரிந்து போய்விடும், அதாவது எங்கே தேவையோ அங்கே இருக்காது. அந்த வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் இரவு குளிர் காய்ச்சல் வரும்.

2023 செப்டம்பர் 10

வலப்பக்கம் முடிந்தது. தேய்த்து, உப்புத்தாள் போட்டு, தண்ணீர்விட்டு வாட்டர் பேப்பர் தேய்த்து, எபாக்சி பிரைமர் இரண்டு கோட் அடித்தேன். கிணற்றடியில் நிறுத்தியே தேய்த்தேன். தொண்டிக்காரர் எங்கே இருக்கிறார்?

2023 டிசம்பர் 3

செப்டம்பர் குறிப்பின் கடைசி இரண்டு வாக்கியங்களைத் திரும்பப் பெறுகிறேன்.

மழை தொடங்கி ஆறு வாரம். வலப்பக்க மட்கார்டின் கீழ்ப்பகுதியில் கடுகு அளவில் கொப்புளங்கள். ஒன்றை ஊசியால் குத்தினேன். ஒரு சொட்டு நீர் வந்தது. பிரைமருக்கு அடியில் தகடு கறுத்திருந்தது. கொப்புளங்கள் இங்குமங்குமாக இல்லை. நான் வாட்டர் பேப்பரை இழுத்த திசையிலேயே, தண்ணீர் வழிந்து காய்ந்த தடத்திலேயே, வரிசையாக நிற்கின்றன.

2023 டிசம்பர் 10

மதுரையில் ஆய்வகப் பொருள் கடையில் சில்வர் நைட்ரேட் வாங்கிவந்தேன். பிளஸ் டூ மாணவர்கள் செய்யும் சோதனைதான்: தண்ணீரில் இரண்டு சொட்டு நீர்த்த நைட்ரிக் அமிலம், பிறகு சில்வர் நைட்ரேட். குளோரைடு இருந்தால் வெண்மையாகும். அமிலத்தை முதலில் விடாவிட்டால் கார்பனேட்டும் வெண்மை காட்டி ஏமாற்றும்.

என் கிணற்றுத் தண்ணீர் தயிர்போல் திரிந்தது. தள்ளுவண்டிக் குடத்தில் வாங்கும் குடிதண்ணீர், அரிசி களைந்த நீர்போல் மங்கியது. மாடியில் பிடித்த மழைத்தண்ணீரில் முதல் நாள் பிடித்தது மங்கியது, ஓட்டின் மேலிருந்த உப்பெல்லாம் அதில் இறங்கியிருக்கும். பத்து நாள் மழைக்குப் பிறகு பிடித்தது ஏறக்குறையத் தெளிவு. கடைசியாகப் பேரனின் அறையில் ஏ.சி. குழாயிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்தேன். சொட்டு விழுந்த பிறகும் கண்ணாடிபோல் இருந்தது.

நடந்தது இதுதான். உவர்நீரில் தேய்த்தேன், தண்ணீர் காய்ந்தது, உப்பு தங்கியது, அதன்மேல் பிரைமர் அடித்து மூடினேன். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையும். மழைநாளில் கல்லுப்பு ஜாடி கசிவது அதனால்தான். பெயின்ட் படலம் எவ்வளவு நல்லதானாலும் நீராவியை முற்றிலும் தடுக்காது. அடியில் உப்பு இருந்தால் அது ஊறுகாய்க்கு அரிந்த மாங்காயிலிருந்து நீர் இழுப்பதைப்போல இழுத்துக்கொண்டே இருக்கும்.

பிப்ரவரி 12 அன்று தொண்டிக்காரருக்கு "உள்ளே இருந்ததை மாற்றியிருக்க மாட்டார்கள்" என்று பெரிய மனிதனைப்போல எழுதினேன். நான் வெளியிலிருந்து கொண்டுவந்து உள்ளே வைத்து மூடியிருக்கிறேன்.

2024 ஜனவரி 21

பிரைமரை முழுவதும் சுரண்டி எடுத்தாகிவிட்டது. புதுத்தகடு பளபளவென்று வந்துவிடும். பழைய தகட்டில் துரு தின்ற குழிகள்தான் தொல்லை. கிரைண்டர் பிரஷ் குழியின் மேலே இரும்பை இழுத்து மினுக்கிவிடும், குழிக்குள் உப்பு பத்திரமாக இருக்கும். மாலையில் வெள்ளிபோல் இருந்த இடம் மறுநாள் விடியற்காலையில் கரும்புள்ளியாக வியர்த்திருந்தால் அங்கே உப்பு இருக்கிறது என்று பொருள்.

ஆகவே துருவை வேண்டுமென்றே வரவிட்டேன். கொதிக்கவைத்த மழைத்தண்ணீரை ஊற்றி நைலான் பிரஷ்ஷால் தேய்ப்பது, இரவு அப்படியே விடுவது, காலையில் வியர்த்த புள்ளிகளை மறுபடி தேய்த்துக் கழுவுவது. கழுவிய நீரைப் பஞ்சில் ஒற்றிச் சோதித்தேன். முதல் நாள் பால், இரண்டாம் நாள் மோர், மூன்றாம் நாள் மங்கல், நான்காம் நாள் தெளிவு. கடைசி அலசல் மட்டும் ஏ.சி. தண்ணீரில். ஹேர் டிரையரால் காயவைத்து, குழிகளுக்குப் பாஸ்பாரிக் அமிலம் பூசி, அதையும் கழுவி, அதே முற்பகலில் பிரைமர். எங்கள் ஊரில் வெறும் தகட்டை இரவு விட்டுவைக்கவே முடியாது.

பிரைமர் அடிக்கும் நேரமும் முக்கியம். தகட்டின் சூடு பனிபடியும் வெப்பநிலையைவிட மூன்று டிகிரி செல்சியஸாவது கூடுதலாக இருக்க வேண்டும். வெயில் ஏறித் தகடு கைக்கு வெதுவெதுப்பாகிய பிறகு, பிற்பகல் கடற்காற்று எழும்புவதற்கு முன்னால் இரண்டு மணி நேரம் கிடைக்கும். அது போதும்.

2024 ஜனவரி 23

பேரன் தன் ஏ.சி. தண்ணீருக்கு விலை கேட்கிறான்.

2024 பிப்ரவரி 18

சிறு பாகங்களின் துருவை மின்னாற்பகுப்பில் எடுப்பது பற்றிக் கேள்வி. செய்கிறேன், கதவுக் கீல்களுக்கு. பிளாஸ்டிக் மீன்பெட்டியில் தண்ணீர், வாஷிங் சோடா, பேட்டரி சார்ஜர். பாகம் எதிர்முனையில், வேண்டாத இரும்புத்துண்டு நேர்முனையில். நேர்முனையில் எவர்சில்வர் போடாதீர்கள். அதிலுள்ள குரோமியம் நச்சு உப்பாகக் கரையும். சோடாவுக்குப் பதில் சமையல் உப்பு போட்டால் குளோரின் வாயு வரும். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் செய்தால் உப்பைத் தனியாகப் போடவே தேவையில்லை, ஆகவே அங்கும் மழைத்தண்ணீர்தான். ஹைட்ரஜன் வெளியேறுவதால் திறந்த இடத்தில் வையுங்கள், பக்கத்தில் பீடி வேண்டாம்.

2024 ஏப்ரல் 28

ரன்னிங் போர்டின் உட்புறத்தை எதைக் கொண்டு காப்பது? குழாய் வைத்துத் தெளிக்கும் மெழுகு இருக்கிறது, விலையும் இருக்கிறது. படகுக்காரர் ஒருவர், மரவள்ளத்துக்கு முன்பு மீன் எண்ணெய் பூசியதை நினைவுபடுத்தினார். அது வெறும் கிராமத்து வைத்தியம் அல்ல. அமெரிக்காவில் 1921-இல் ரஸ்ட்-ஓலியம் நிறுவனத்தைத் தொடங்கிய ராபர்ட் ஃபெர்குசன் ஒரு கப்பல் தலைவர்; துருப்பிடித்த மேல்தளத்தில் மீன் எண்ணெய் சிந்திய இடத்தில் துரு பரவாததைக் கண்டுதான் அவர் அந்தப் பெயின்டை உருவாக்கினார். எண்ணெய் துருவின் துளைகளுக்குள் ஊறி இறங்கி, மெல்ல உலர்ந்து தோலாகும்.

இரண்டு லிட்டர் வாங்கி, வடிகால் துளை வழியாகச் சிறு பம்பால் தெளித்தேன்.

2024 மே 3

தெருவிலுள்ள பூனைகள் அனைத்தும் என் கொட்டகையில் இருக்கின்றன. ஒன்று கியர்பாக்ஸின் மேல் குட்டி போட்டிருக்கிறது. வீட்டில் என்னை உள்ளே வந்து சாப்பிட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எண்ணெய் தன் வேலையைச் செய்கிறது, அதில் குறை சொல்ல மாட்டேன். இடப்பக்கத்துக்கு மெழுகு வாங்கப்போகிறேன்.

2024 ஆகஸ்ட் 11

பரமக்குடியிலிருந்து ஒருவர், இவ்வளவு வெட்டியாகிவிட்டது, கூரையையும் வெட்டித் திறந்த காராக்கினால் அழகாக இருக்குமே என்கிறார். ஓலைப்பெட்டியின் மூடியை மட்டும் அல்ல, விளிம்பையே அறுக்கச் சொல்கிறார். கூரையும் சேர்ந்துதான் இந்த உடலை விறைப்பாக வைத்திருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. 2021-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்த திருத்தப்படி, முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு கடந்த வண்டியைப் பழம்பெரும் வாகனமாகத் தனி வரிசையில் பதியலாம். பதிவு பத்து ஆண்டுக்குச் செல்லும். ஆனால் சேசிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. என் வண்டிக்கு 2028-இல் ஐம்பது ஆகும். நான் மாற்றிய தகடு ஒவ்வொன்றையும் பழைய துண்டோடு பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து வைத்திருக்கிறேன், பழைய வடிவத்திலேயே செய்தேன் என்று காட்டுவதற்காக. கூரையை வெட்டியவருக்கு எந்தப் படமும் உதவாது.

2025 ஜனவரி 5

இன்னொரு மழைக்காலம் போனது. வலப்பக்க மட்கார்டைக் காலை வெயிலில் சாய்வாகப் பார்த்தேன். கொப்புளம் இல்லை. ரன்னிங் போர்டின் வடிகால் துளை வழியாகச் சிறு கேமராவை விட்டுப் பார்த்ததில் பற்றுகளின்மேல் எண்ணெய்த் தோல் பழுப்பாக அப்படியே இருக்கிறது. நடுத்தூணுக்குக் கீழே ஒரு இடத்தில் மட்டும், எண்ணெய் எட்டாத மடிப்பில், விரல்நக அளவுக்குச் செம்மை. அதற்குத் தனியாக ஒரு துளை போட வேண்டும்.

ஒரு மழைக்காலம்தான் ஆகியிருக்கிறது. தொண்டிக்காரர் சொன்ன கெடு இரண்டு.

2025 ஜனவரி 12

தொண்டிக்காரர் நேற்று நேரில் வந்தார். கையில் ஒரு தண்ணீர்ப் பாட்டில்: அவருடைய பத்மினிக்குத் தகடு மாற்றிய பட்டறையின் போர்வெல் தண்ணீர். சோதனைக் குழாயில் இரண்டு சொட்டு அமிலம் விட்டு, சில்வர் நைட்ரேட்டையும் விட்டேன். என் கிணற்றைவிடக் கெட்டியாகத் திரிந்தது. குழாயை வெளிச்சத்தில் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், எடைக்குப் போட்ட வண்டியின் கதவு ஒன்று மட்டும் இன்னும் தம் வீட்டில் இருப்பதாகச் சொன்னார். இடப்பக்க முன்கதவு. எனக்கு வேண்டியதும் அதுதான்.